தாணுலிங்கத்தின் யானைப் பிடில்

ஆரியசாலையில் தாணுலிங்கம் பிள்ளையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நாற்பத்திரண்டு வயதில் அவருக்குச் சங்கீதப் பித்துப் பிடித்ததாம், அதனால்தான் ஆளுயரப் பிடிலைக் கட்டிக்கொண்டு அலைந்தாராம். சொல்கிறவர்கள் வாயில் மண் விழ. மனுஷனுக்கு வந்தது கோபம். இருபது வருஷம் உள்ளேயே கிடந்து புழுங்கிய கோபம். அது எப்படி வந்தது என்று தெரியாதவர்கள் அவரைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

பகலில் அவர் தண்ணீர் ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலமானால் அத்தான் அழகியநம்பியின் நாடக சபாவில் சுருதிப்பெட்டி. அத்தான் என்றால் தாய்மாமன் மகன். அவருடைய தங்கை சரஸ்வதியம்மாளைத்தான் தாணுலிங்கம் கல்யாணம் செய்திருந்தார். ஆக, பெண் கொடுத்த வீடு, சபாவின் முதலாளி, ராஜபார்ட், பாட்டுக்காரர் எல்லாம் ஒரே ஆள். எதிர்த்துப் பேச எந்தப் பக்கமும் வழி கிடையாது.

சுருதிப்பெட்டி போடுகிறவனை யாரும் வித்வான் என்று சொல்வதில்லை. திரை ஓரத்தில் உட்கார்ந்து துருத்தியை அமுக்க வேண்டும். அமுக்கினால் ஒரே சத்தம் வரும். மூன்று மணி நேரம் அந்த ஒரே சத்தம். சபை கைதட்டும்போது பெட்டிக்காரனும் தலையாட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். தாணுலிங்கம் ஒருமுறை தலையாட்டிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது அங்கம் வரும் பாருங்கள், அதுதான் பொறுக்க முடியாதது. நாட்டை இழந்த ராஜா சிறையில் புலம்பும் கட்டம். அதற்குள் அழகியநம்பிக்குத் தொண்டை களைத்திருக்கும். ஐந்து கட்டைச் சுருதியில் எடுத்த பாட்டு இரண்டாவது அடியிலேயே அரைக் கட்டை இறங்கிவிடும். உடனே அவருடைய வலது கை முதுகுக்குப் பின்னால் போகும். இரண்டு விரல் தரையைக் காட்டும். 'பெட்டி ஏறிப் போச்சு, இறக்கு' என்று அதற்கு அர்த்தம். தாணுலிங்கம் பெட்டியில் அடுத்த துளையைத் திறந்து அரைக் கட்டை இறக்குவார். ஆர்மோனியம் சேஷன் விரலைப் பக்கத்துக் கட்டைக்குத் தள்ளி வைத்துக்கொள்வார். பாட்டுக்காரர் எங்கே விழுகிறாரோ அங்கே ஓடிப்போய்ப் பாயை விரிப்பதுதான் அந்தச் சபாவின் வழக்கம்.

நாடகம் முடிந்து அரிதாரம் கலைக்கும்போது வசவு தொடங்கும்.

“என்னவே மாப்பிளே, ஈரக்காத்து பட்டா உம்ம பெட்டி மானத்தப் பாத்து ஏறுகு. நல்லாத் தொடச்சு வைக்கப்படாதா?”

“தொடச்சுதான் வச்சேன் அத்தான்.”

“தொடச்ச லெச்சணம் சபையில தெரிஞ்சுதே.”

பெட்டி ஏறவில்லை. அது தாணுலிங்கத்துக்குத் தெரியும், சேஷனுக்குத் தெரியும், திரை இழுக்கிறவனுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் மறுநாள் காலையில் தாணுலிங்கம் வெயிலில் உட்கார்ந்து பெட்டியைத் துணியால் துடைப்பார். பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஏதோ பக்தி மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு துடைக்கிறார் என்பது கிட்டே போனால்தான் தெரியும்.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் அழகியநம்பிக்குப் புது யோசனை வந்தது. ஜனங்கள் சினிமாப் பாட்டுக்குப் பழகிவிட்டார்கள், வெறும் ஆர்மோனியமும் மிருதங்கமும் இனிமேல் எடுபடாது என்று சத்தியநேசனை அழைத்து வந்தார். சத்தியநேசனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசிக்கிற பையனாக இருந்து, வெள்ளைக்காரர் கிளப்பின் பேண்டில் பிடில் வாசித்தவன். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகு கிளப் பேண்டு கலைந்து வாத்தியங்களை ஏலத்துக்கு விட்டார்கள். நான்கு பிடில், இரண்டு கிளாரினெட் ஆகியவற்றோடு ஒரு டபுள் பாஸும் வந்து சேர்ந்தது. ஆளை விட உயரம், நாலே தந்தி, தட்டினால் தரை அதிரும். பார்த்தவுடனே சபாவில் அதற்கு யானைப் பிடில் என்று பேர் வைத்துவிட்டார்கள். பிடிலுக்கும் கிளாரினெட்டுக்கும் ஆள் கிடைத்தது. யானைக்குப் பாகன் கிடைக்கவில்லை.

புது ஏற்பாட்டைப் பற்றி எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார் அழகியநம்பி. கடைசியாக, “சுருதிப்பெட்டி இனி வேண்டாம்லா. மாப்பிளை திரை இழுக்கட்டும், இப்போ இழுக்கவனுக்கு முதுகுவலி” என்றார். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். தாணுலிங்கத்தின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

தாணுலிங்கத்துக்கு உச்சந்தலை வரை சூடேறியது. இத்தனை வருஷம் வசவு வாங்கியதற்குக் கூலி திரைக்கயிறா? எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. மூலையில் சாய்த்திருந்த யானைப் பிடில் கண்ணில் பட்டது.

“அத நான் வாசிக்கேன்.”

ஒருத்தர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். தாணுலிங்கம் குள்ளம். பிடிலின் கழுத்து அவர் தலைக்கு மேலே நின்றது. அழகியநம்பி கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, “சித்திரை உற்சவத்துக்கு அஞ்சு மாசம் இருக்கு. அதுக்குள்ள படிச்சா வாசியும். இல்லேன்னா திரை. சம்மதமா?” என்று கேட்டார். தாணுலிங்கம் பிடிலின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

வீட்டுக்குக் கொண்டுவர ஒரு பாரவண்டி தேவைப்பட்டது. ஆபீசுக்குப் போகும் முன் காலையில் இரண்டு மணி நேரம் சத்தியநேசன் வந்து சொல்லிக் கொடுத்தான். ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் வாசிக்க வேண்டியிருந்தது. முதல் வாரம் வலது கை விரல் இரண்டும் கொப்பளித்தன. இரண்டாவது வாரம் கொப்பளம் உடைந்தது. ஆபீசில் பேனா பிடிக்க முடியாமல் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே செருகிக்கொண்டு எழுதினார். இடது கைக்கு வேறு கஷ்டம். வீணைக்கு உள்ள மெட்டு மாதிரி இதில் ஒன்றும் கிடையாது. மொட்டையான கழுத்து. விரல் ஒரு நெல் அளவு தவறினாலும் சத்தம் தவறும். அடுக்களைப் பலகையில் இருந்த செம்புப் பாத்திரங்கள் ஒவ்வொரு சத்தத்துக்கும் முனகின. சரஸ்வதியம்மாள் முதல் நாள் வேடிக்கை பார்த்தாள். மூன்றாவது நாள் பாத்திரங்களைக் கீழே இறக்கித் துணியில் சுற்றி வைத்தாள்.

“அண்ணாச்சி, எண்ணிக்கிட்டே வாசிங்க. ஒண்ணு, மூணு. ரெண்டுலயும் நாலுலயும் சும்மா இருக்கணும்” என்பான் சத்தியநேசன்.

“சும்மா இருக்கதுக்கு ஒரு வாத்தியமாடே?”

“சும்மா இருக்கதுதான் இதுல பாதி, கேட்டேளா.”

துருத்தி அமுக்கியே பழகிய கைக்கு இடைவெளி விடுவதுதான் முடியவில்லை. வாசிக்கிற இடத்தில் சத்தம் அறுந்தால் பாட்டுக்காரர் விழுந்துவிடுவார் என்ற பதைப்பு அவருக்கு. ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் பிடிலை ஒரு உதை உதைத்தார். கால் பெருவிரல் நகம் பெயர்ந்தது. பிடிலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஆனாலும் நான்காவது மாதம் ஏதோ ஒரு காலையில், பிடில்காரப் பையன்களோடு சேர்ந்து ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை நிற்காமல் வாசித்தார். மேல் தந்தி ஐந்து கட்டைக்கு ஸட்ஜம், அடுத்தது பஞ்சமம். அவர் தட்டிய இடத்தில் மற்றவர்கள் காலூன்றினார்கள். முடிந்ததும் ஒரு பையன் திரும்பிப் பார்த்து, “அண்ணாச்சி இருந்தா நல்ல சுகமா இருக்கு” என்றான். தாணுலிங்கம் தெருவுக்குப் போய் நின்றார். அவரை இப்படி ஒருவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

சித்திரை உற்சவம் கரமனைக் கொட்டகையில் நடந்தது. தெற்கே தமிழ்த் தாலுகாக்கள் மலையாளச் சீமையை விட்டுப் பிரிய வேண்டும் என்ற பேச்சு சூடாக இருந்த சமயம். தமிழ் நாடகம் என்றாலே கூட்டம் தள்ளியது. முதல் இரண்டு அங்கமும் ஜோர். மூன்றாவது அங்கத்தில் ராஜா சிறையில் விழுந்தார். பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது அடியில் அழகியநம்பி வழக்கம்போல அரைக் கட்டை இறங்கினார். வலது கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. இரண்டு விரல் தரையைக் காட்டின.

அந்த விரலைக் கண்டதும் தாணுலிங்கத்தின் இடது கை தானாக மேலே போனது. பிடிலின் தலைப்பக்கத்தில் தந்தியை முறுக்கும் சாவிகள் இருக்கின்றன அல்லவா, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்றைத் திருகித் தந்தியை இறக்க ஆரம்பித்துவிட்டார். உலகத்தில் எந்த டபுள் பாஸ்காரனும் செய்யமாட்டான். பெட்டியில் துளை திறந்தே பழகிய கை, வேறென்ன செய்யும்? பிடிலும் கிளாரினெட்டும் காகிதத்தைப் பார்த்து ஐந்து கட்டையில் வாசிக்கின்றன. சேஷனும் அழகியநம்பியும் அரைக் கட்டை கீழே. யானைப் பிடில் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ ஊளையிட்டுக்கொண்டு இறங்குகிறது. பையன்கள் மிரண்டு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கொட்டகை கூவியது.

அழகியநம்பி கெட்டிக்காரர். சங்கிலியோடு கையைக் கூப்பி, “சபை மன்னிக்கணும். யானைக்கு மதம் பிடிச்சுப் போச்சு” என்று யானைப் பிடிலைக் காட்டினார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. பலகையின்மேல் நின்றுகொண்டிருந்த தாணுலிங்கத்தை அத்தனை பேரும் பார்த்தார்கள். அவருக்கு அந்த இடத்திலேயே பலகை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

மறுநாளே திரைக்கயிறு கைக்கு வந்தது. சத்தியநேசன் வீட்டுக்கு வந்தபோது தாணுலிங்கம் பாய்ந்தார்.

“நீ கேட்டேல்லா? தப்பினது யாரு? எனக்கு இப்போ தெரியணும்.”

“அவருதான் அண்ணாச்சி.”

“பின்னே எனக்கெதுக்குடே கயிறு?”

“அவரு தப்பினாரு. நீங்க எதுக்குக் கூடப் போனீங்க? மேல இருக்கவன் எங்க ஓடினாலும் அடியில உள்ளது நிக்கணும்லா. நீங்க நின்னிருந்தா பையன்மாரு நின்னிருப்பாங்க.”

தாணுலிங்கத்துக்கு அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. தள்ளவில்லை. சொன்னது வாஸ்தவம் என்பதால் வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது? சத்தியநேசன் போகும்போது, “ஓண நாடகத்துக்கு இன்னொரு தடவை கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். பாஸ் இல்லாம பையன்மாரு தள்ளாடுகாங்க, அவருக்கும் தெரியும். ஆனா இதுதான் கடைசி. இதும் போச்சுன்னா ஆயுசு பூரா கயிறுதான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதையெல்லாம் அடுக்களை வாசலில் நின்று கேட்டவள் சரஸ்வதியம்மாள். ஈர்க்குவாரியலை, தென்னந்துடைப்பத்தைத்தான், எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஏறி நில்லுங்க.”

“எதுக்கு?”

“நான் பாடுகேன். எங்கண்ணன மாதிரியே இறங்கிப் பாடுகேன். உங்க கை மேல போச்சுன்னா அடி விழும்.”

அவள் பாடி அவர் கேட்டது தாலாட்டு மட்டும்தான். சிறைப் பாட்டை எடுத்தாள் பாருங்கள், தாணுலிங்கம் தட்ட மறந்து நின்றுவிட்டார். ஐந்து கட்டையில் கம்பி மாதிரி நின்றது குரல். இரண்டாவது அடியில் வேண்டுமென்றே சறுக்கினாள். அப்பட்டமாக அழகியநம்பியேதான். தாணுலிங்கத்தின் இடது கை சாவிக்குப் போனது. வாரியல் சுளீரென்று விழுந்தது.

“கை!”

“அடிக்காதேட்டீ.”

“அப்போ நில்லுங்க.”

மூன்று மாதம் இதுதான் நடந்தது. அவள் அரைக் கட்டை இறங்கினாள், கால் கட்டை ஏறினாள், நடுவில் நிறுத்தினாள், தாளம் பிந்தினாள். அவர் புறங்கை முழுக்கக் கோடு கோடாகச் சிவந்தது. ஆபீசில் கேட்டவர்களிடம் பூனை பிராண்டியது என்றார். அடுத்த வீட்டுப் பூதலிங்கம் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “புருஷனும் பெண்டாட்டியும் பாட்டுப் பாடிக்கிட்டே அடிச்சுக்கிடுத குடும்பத்த இப்பதான் பாக்கேன்” என்று தலையிலடித்துக்கொண்டு போனான்.

ஒரு நாள் நடுப்பாட்டில் அவளே நிறுத்தினாள். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

“அண்ணன் இறங்கிப் பாடுகான்னு எட்டு வயசுலயே அப்பாட்ட சொன்னேன். தெரியுமா உங்களுக்கு? பொட்டப்பிள்ளைக்கு என்ன ஞானம்னு வாயிலேயே அடிச்சாரு. அதுக்கப்புறம் அவன்கிட்ட யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. நீங்களும்தான் சொல்லல்ல. பெட்டியத் தொடச்சீங்க.”

தாணுலிங்கத்துக்கு அந்தச் சொல் அன்று முழுவதும் முள்ளாகக் குத்தியது. மறுநாளிலிருந்து கை மேலே போவது குறைந்தது. பிறகு நின்றது.

ஓண நாடகமும் அதே கொட்டகை. போன தடவை சிரித்தவர்களில் பாதிப்பேர் இந்தத் தடவையும் வந்திருந்தார்கள். தாணுலிங்கம் பலகையில் ஏறியதும், “யானை வந்தாச்சு” என்று ஒரு குரல் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு அங்கமும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது அங்கத்தில் சங்கிலி குலுங்கியது. ராஜா சிறைக்கு வந்தார்.

முதல் அடி ஐந்து கட்டையில் சரியாக நின்றது. இரண்டாவது அடியில் இறங்கினார். சேஷனின் விரல் அவரோடு இறங்கியது. முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல் தரையைக் காட்டின.

தாணுலிங்கம் மேல் தந்தியைத் தட்டினார். ஐந்து கட்டை ஸட்ஜம்.

விரல் மறுபடி காட்டியது, இன்னும் வேகமாக. தாணுலிங்கம் இன்னும் பலமாகத் தட்டினார். ஒண்ணு, மூணு. ஒண்ணு, மூணு. பிடில்காரப் பையன்கள் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துவிட்டு வில்லை அழுத்தினார்கள். சேஷன் ஒரு கணம் திணறிப்போய், விரலை இருந்த இடத்துக்கே ஏற்றிக்கொண்டார். அழகியநம்பி மட்டும் தனியாகக் கீழே நின்றார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் விழுந்த இடத்தில் பாய் இல்லை. தலையைத் திருப்பி முறைத்தார். தாணுலிங்கமும் முறைத்தார். முறைத்துக்கொண்டே தட்டினார்.

அழகியநம்பியின் குரல் அறுந்தது. சங்கிலியோடு கையை முகத்தில் வைத்துக்கொண்டு மண்டியிட்டார். தோள் குலுங்கியது. மற்ற வாத்தியங்களும் அடங்கி, நாலு தாள ஆவர்த்தம் யானைப் பிடில் மட்டும் தரையை அதிர வைத்துக்கொண்டிருந்தது. பிறகு அவர் தலையைத் தூக்கி, அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கி, அதன்மேல் குரலை வைத்தார். ஐந்து கட்டை. கடைசி அடி வரை அங்கேயே நின்றார். ராஜா அழுததாக நினைத்துச் சபையும் அழுதது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

அரிதாரம் கலைக்கும் அறைக்குத் தாணுலிங்கம் தானாகவே போனார். சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நாக்கில் இருந்தது. இனி கயிறு கொடுத்தால் அதை முகத்தில் வீசிவிட்டுப் போவதாகவும் முடிவு செய்திருந்தார். அழகியநம்பி எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருந்தார். பாதி முகத்தில் சாயம் அப்படியே இருந்தது. மற்றவர்களை வெளியே போகச் சொன்னார்.

“கை காட்டினேனே, பாக்கல்லையா?”

“பாத்தேன்.”

“பின்னே ஏன் இறக்கல்ல?”

“தந்தி ஏறல்ல அத்தான். நீருதான் இறங்கினீரு.”

திட்டு விழும் என்று எதிர்பார்த்தார் தாணுலிங்கம். அதற்குத்தான் தயாராக வந்திருந்தார். அழகியநம்பி துணியை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். அந்தக் கண்ணில் நடிப்பு இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை.

“அப்போ பெட்டி?”

“பெட்டி என்னைக்கும் ஏறினதில்ல.”

“ஒரு நாளும்?”

“நான் வந்த நாள் முதலா இல்ல. தெனமும் நீரு இறங்குவீரு, நாங்க இறக்குவோம்.”

“இருவது வருஷமா ஊரு பூரா கேட்டிருக்கு. என் கூடவே இருந்திருக்கீரு. என் தங்கச்சியக் கட்டினவரு. ஏன்வே ஒரு வார்த்தை சொல்லல்ல?”

தாணுலிங்கம் வாயைத் திறந்தார். நீர் ஒரு நாளாவது கேட்டீரா என்று கத்தலாம். சொன்னவள் வாயில் அடி விழுந்த கதையைச் சொல்லலாம். எல்லாம் நியாயம்தான். ஆனால் சேர்த்து வைத்திருந்த அத்தனை கோபத்துக்கும் அடியில் ஒரே ஒரு சொல்தான் கிடந்தது, அதைச் சொல்லாமல் வேறெதுவும் வெளியே வரமாட்டேன் என்றது.

“பயந்தேன்” என்றார்.

சொன்ன பிறகு அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த அறையில் அறைய வேண்டிய கன்னம் ஒன்று இருக்குமானால் அது தன்னுடையதுதான் என்று தோன்றியது. அந்த ஆத்திரத்தில் குரல் பெரிதாகவே வந்தது.

“இனி பயமில்ல. நாளைக்கும் அஞ்சு கட்டையிலதான் நிப்பேன். நீரு அழுதாலும் இறக்கமாட்டேன். பாடுகதுன்னா பாடும்.”

அழகியநம்பி துணியை எடுத்து மீதி முகத்தையும் துடைத்தார். “நாளைக்குக் காலம்பற வீட்டுக்கு வாறேன். அந்த ரெண்டாவது அடிய உம்மகிட்ட பாடிப் பாக்கணும்” என்றார்.

“என்கிட்ட வேண்டாம்” என்றார் தாணுலிங்கம். “உம்ம தங்கச்சிகிட்ட பாடும். வாரியல் வச்சிருப்பா.”